பூட்டாத முனை

அந்தப் பையைக் கொஞ்சம் பாத்து அம்மிணி. மிதிச்சா ஒண்ணும் ஒடையாது, அரிசிதான். ஆனாலும் அரிசி மேல கால் படலாமா. இரு, நான் எம் பக்கம் இழுத்துக்கறேன். ம்... நவுர மாட்டேங்குது பாரு. பத்துக் கிலோ. சரி கெடக்கட்டும், நீ காலை இப்படி நீட்டிக்க. மடியில கொழந்தையை வெச்சுட்டு எத்தனை நேரம் குறுக்கிட்டே உக்காருவே.

சிரிக்கிறியா? சிரி சிரி. கண்டக்டரும் சிரிச்சான். ‘ஏனுங்க்கா, திருப்பூர்ல இருந்து காட்டுக்கு அரிசி கொண்டு போறீங்களா’ன்னு. போடா உன்ற வேலையைப் பாத்துட்டுன்னு சொல்லிப்போட்டேன். இது திங்கற அரிசி இல்ல. எதுக்குன்னு சொல்றேன். நான் குடிமங்கலத்துல எறங்கோணும், இன்னும் ஒரு மணி நேரம் கெடக்குது. நீ உடுமலையா? நல்லதாப் போச்சு.

உன்ற கொழந்தைக்கு எத்தனை மாசம்? ஒம்பதா. என்ற தம்பி மகளுக்கு எட்டு. எட்டு முடிஞ்சு பத்து நாளாச்சு. அமுதினின்னு பேரு. நான் கொலதெய்வத்துப் பேரு வெக்கலாம்னேன், அதை ஆரு கேட்டா. அமுதினி. சரி, வாயில நல்லாத்தான் வருது. அஞ்சு வாரமாச்சு அவளைப் பாத்து. அதுக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை தப்புனதில்ல நான். லீவு நாள்னா மொத பஸ்ஸு. போய் எறங்குனா என்ற தம்பி வண்டியில வந்து கூட்டிட்டுப் போவான். மத்தியானம் வரைக்கும் அவ என்ற மடிதான்.

இன்னிக்கு எம் மடியில குடுப்பாங்களோ மாட்டாங்களோ. காத்தால இருந்து அதே நெனப்புத்தான். டீயுங் குடிக்கல.

அவங்கம்மா ஒருத்தி இருக்கறா. கோகிலவாணி. என்ற தம்பி பூபதி சம்சாரம். நல்லவதான், கெட்டவன்னு நான் சொல்லல. படிச்சவ. நெம்ப நெதானம். எதைச் செஞ்சாலும் ரெண்டு தரம் பாத்துட்டுத்தான் செய்வா. கதவைப் பூட்டிட்டு நாலு எட்டு நடந்து போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாப்பா. கேஸை மூடிட்டு மறுக்காத் தொட்டுப் பாப்பா. ஆளுகளையும் அப்படித்தான் பாப்பா. எனக்கு அது ஆவாது. நம்ம மேல நம்பிக்கை இல்லாதவகிட்ட என்னத்தைப் பேசறது, நீயே சொல்லு.

நான் பனியன் கம்பெனியில டைலர். துளசிமணின்னா எங்க யூனிட்ல எல்லாருக்கும் தெரியும். ஓவர்லாக் மிஷின்ல இருபத்திரண்டு வருசம். தோள் சேக்கறது என்ற வேலை. டி-சட்டை போடறியே, முன்பக்கத் துணியையும் பின்பக்கத் துணியையும் தோள்ல சேத்து அடிக்கோணுமில்ல, அது. அது மட்டுந்தான். எல்லாருக்கும் அப்படித்தான், ஒருத்தருக்கு ஒரு வேலை. நான் தோள் சேத்து நவுத்துனா, பக்கத்து மிஷின்ல பூல்மணி கழுத்து வெப்பா. ஜார்க்கண்டுப் புள்ள. அவ நவுத்துனா அடுத்தவன் கை வெப்பான். இப்படியே போயிக் கடைசியில சட்டையாயிரும். எங்க கை பட்டு வெளிநாட்டுக்காரன் தோள்ல ஏறுன சட்டை எத்தனை லட்சம் இருக்கும். ஒருத்தன் தோள் பிஞ்சு போச்சுன்னு சொன்னதில்ல. ஒருத்தன் சொன்னதில்ல கண்ணு.

அதை மனசுல வெச்சுக்க.

பூபதி பட்டுப்புழு வளக்கறான். ஷெட்டு ஒண்ணு, ஒண்ணரை ஏக்கரா மல்பெரி. அந்த வேலை தெரியுமா உனக்கு? புழு சின்னதா இருக்கறப்பப் பரவால்ல. நாலாவது தோலை உரிச்சு எந்திரிச்சுதுன்னா பேய்ப் பசி. தழையை வெட்டிக் கொண்டாந்து பரப்பிட்டே இருக்கோணும். மனுசன் சாப்பாட்டை மறந்தாலும் அதுக்கு மறக்க முடியாது. ஒரு பக்கம் பரப்பி முடிக்கறதுக்குள்ள மறுபக்கம் வெறும் குச்சியாக் கெடக்கும். வேலைக்கு ஆளும் கெடைக்கறதில்ல, புருசனும் பொண்டாட்டியுந்தான்.

கொழந்தையோ கீழ வுட்டா அழுவுது. தொட்டில்ல போட்டா அஞ்சு நிமிசம். அவ ஒரு கையில கொழந்தை, ஒரு கையில தழைன்னு ஷெட்டுக்குள்ள நடக்கறதைப் பாத்தா எனக்கே கஷ்டமா இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை போனை எடுத்துக் காட்டறா. ‘அண்ணி, இந்த மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்’னு. முதுகுல கட்டற பை. தோளுக்கு ரெண்டு வார், இடுப்புக்கு ஒரு வார், நடுவுல கொழந்தை உக்கார்ற மாதிரித் துணி. பேபி கேரியராம்.

நான் கேட்டேன், ‘ஏம்மா, வூட்டுல ஒரு டைலரை வெச்சுக்கிட்டு இதைக் கடையில வாங்குவியா?’

அவ யோசிச்சா. அப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? ‘இல்லீங்க அண்ணி, இதெல்லாம் வெயிட் தாங்கற மாதிரித் தனியாத் தைப்பாங்க’ங்கறா. தோள் தைக்கறவகிட்ட தோள் வாரைப் பத்திச் சொல்றா!

நான் தெச்சுத் தர்றேன், நீ வாங்குனீன்னா நான் இந்த வாசப்படி ஏற மாட்டேன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்.

ஒம்பது நாளு தெச்சேன் அதை. கட்டிங் மாஸ்டரைக் கேட்டு நல்ல கனத்த டிரில் துணி வாங்குனேன், கருநீலம். உள்ளுக்குள்ள அவ தொடை அறுக்கக் கூடாதுன்னு மெத்துனு பனியன் துணி. சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் டிபன் டப்பாவைத் தொறப்பாங்க, நான் மிஷின்ல உக்காந்துக்குவேன். வாரை ரெண்டு மடிப்பா மடிச்சு, முதுகுத்துணியில வெச்சு ஓவர்லாக் அடிச்சேன். ஓரத்துல மஞ்சள்ல ஒரு யானை கூட வெட்டி ஒட்டுனேன். யூனிட்டே வந்து பாத்துச்சு. சூப்பர்வைசர் கையில வாங்கித் தடவிப் பாத்துட்டு, ‘எக்ஸ்போர்ட் பீஸ் மாதிரி இருக்குதுக்கா’ன்னான்.

கடைசி நாளு வாரை அடிச்சு முடிச்சு மிஷின்ல இருந்து எடுக்கறேன். பூல்மணி பக்கத்துல ரொட்டி தின்னுட்டு இருந்தவ கையைத் தொடைச்சுட்டு நீட்டறா. ‘குடு அக்கா’ங்கறா. பழக்கம். நான் தோள் அடிச்சா அடுத்து அவ கைக்குத்தான போவோணும்.

நான் சிரிச்சேன். ‘இது உனக்கு வர்ற பீஸ் இல்லடி, இது என்ற தங்கத்துக்கு’ன்னு மடிச்சுப் பையில வெச்சுட்டேன். அவ நீட்டுன கையை மடக்கிக்கிட்டா. ‘எங்க ஊர்ல ஒரே துணி அக்கா. தையலே கெடையாது. கட்டுனாப் போதும்’னா. அட போடி, கட்டறதுக்கு நான் எதுக்கு, என்ற மிஷின் எதுக்குன்னேன்.

சரி. ஞாயித்துக்கிழமை கொண்டு போனேன்.

பல்லடம் வந்துருச்சா? ஏறட்டும், ஏறட்டும். கொழந்தைக்கு வெயில் அடிக்குது பாரு, அந்தத் திரையை இழுத்து வுடு.

கொண்டு போய்க் குடுத்தேனா? அவ கையில வாங்குனா. ‘நெம்ப நல்லாருக்குதுங்க அண்ணி’ன்னா. யானையைத் தொட்டுப் பாத்துச் சிரிச்சா. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. அடுத்து என்ன பண்ணுனா தெரியுமா? ஒரு காலுல முதுகுத்துணியை மிதிச்சுக்கிட்டு, ரெண்டு கையிலயும் வாரைப் புடிச்சு இழுக்கறா. என்ற கண்ணு முன்னாடி. கால்ல மிதிச்சு!

‘என்ன பண்றே?’ன்னேன்.

‘கோவிச்சுக்காதீங்க அண்ணி. ஒரு வாரம் அரிசியை வெச்சு முதுகுல கட்டிட்டு வேலை செஞ்சு பாக்கறேன். தாங்குதுன்னாப் பொறவு பாப்பாவை வெக்கலாம்.’

அரிசி. நான் ஒம்பது நாளு சாப்பாட்டை வுட்டுப்போட்டுத் தெச்சது அரிசிக்கு.

எனக்குக் காது ரெண்டும் அடைச்சுருச்சு. இருபத்திரண்டு வருசம் கண்ணு. வெள்ளைக்காரன் நம்புறான், என்ற தம்பி பொண்டாட்டி நம்ப மாட்டேங்கறா. அவ அரிசியை அளக்க உள்ள போனா. கொழந்தை பாய்ல உக்காந்து என்னையப் பாத்துக் கையைத் தூக்குச்சு. நான் எடுத்தேன். முதுகுல வெச்சேன், வாரைப் போட்டேன், இடுப்புல இழுத்துக் கட்டுனேன். உக்காந்துச்சு பாரு, அளவெடுத்த மாதிரி! என்ற கொண்டையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுச் சிரிக்குது. நான் நடந்துட்டேன்.

எங்க நடந்தேங்கறே? மல்பெரிக் காட்டுக்கு. ஷெட்டு இக்கட்டால, காடு அக்கட்டால. நடுவுல பி.ஏ.பி. பாசன வாய்க்கால் போவுது. குறுக்க ஒரு கல்லுப் பலகை போட்டிருக்குது. ஒரு ஆள் போற அகலம், புடிக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. அன்னிக்கு வாய்க்கால்ல தண்ணி வுட்டிருந்தாங்க. கரை முட்டப் போவுது. எனக்கு அதெல்லாம் பழக்கம், நான் பொறந்து வளந்த எடம். தாண்டிப் போய்ட்டேன். பாத்தியா, தாங்குச்சா இல்லியா?

போறப்ப ஒரே ஒரு சத்தம் கேட்டுச்சு. ‘டக்’குன்னு. காலுக்கடியில மல்பெரிக் குச்சின்னு நெனச்சேன்.

பூபதி தழை அறுத்துக் கட்டு கட்டிட்டு இருந்தான். கொழந்தையைப் பாத்துட்டு, ‘அட, நல்லாருக்குதே அக்கா’ன்னான். அதுக்குள்ள அவ வந்துட்டா. ஓடி வந்திருப்பா போலிருக்குது, மூச்சு வாங்குது. கையெல்லாம் அரிசித் தூசி. ‘அண்ணி, பாப்பாவைக் குடுங்க’ன்னா. மெதுவாத்தான் கேட்டா. நான் குடுக்கல. மறுக்காவும் கேட்டா. பூபதி சொன்னான், ‘அவ கேக்கறா இல்லக்கா, குடுத்துரேன்’னு.

‘அப்ப உனக்கும் என்ற தையல் மேல நம்பிக்கை இல்ல. அப்படித்தானே?’ன்னேன்.

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அம்மா போன பொறவு அவனுக்கு எல்லாம் நான்தான், என்ற பேச்சுக்கு மறுபேச்சுப் பேச மாட்டான். ‘தூக்கி வுடு அந்தத் தழைக்கட்டை’ன்னேன். இவ கண்ணால பாக்கட்டும், முதுகுல கொழந்தை, தலையில தழை, ரெண்டு கையும் ஃப்ரீ. எதுக்குத் தெச்சேன்? இதுக்குத்தானே தெச்சேன்? அவன் தூக்கி வுட்டான். தூக்கி வுட்டவன் அவன்தான், அதையும் மனசுல வெச்சுக்க. எல்லாம் எம் மேலதாம்பாங்க.

திரும்பி நடந்தேன்.

இவ பின்னாலயே வர்றா. வாயைத் தொறக்கல. ஒட்டிக்கிட்டே வர்றா, என்ற செருப்பை அவ மிதிக்கற அளவுக்கு. எனக்கு எரிச்சலா வருது. ‘தள்ளி வா’ங்கறேன், தள்ள மாட்டேங்கறா. பேசவும் மாட்டேங்கறா. என்ன திமிரு பாருன்னு நெனச்சேன். கத்துனாலாவது பதிலுக்குக் கத்தலாம். கொழந்தை என்ற முதுகுல தலையைத் திருப்பி அவளைப் பாத்துட்டு என்னமோ பேசிட்டே வருது.

பலகை மேல காலை வெச்சேன். தழைக்கட்டு பெருசு, முன்னாடி தொங்குது. காலுக்குக் கீழ பாக்க முடியல. ரெண்டு கையாலயும் கட்டைப் புடிச்சிருக்கேன். ரெண்டு எட்டு. மூணு எட்டு.

டக்.

இந்தத் தரம் குச்சி இல்லைன்னு தெரிஞ்சுது. டக், டக், டக். உனக்குப் புரியாது கண்ணு. தையல் பிரியற சத்தம் டைலருக்குத் தூக்கத்துலயும் தெரியும். ஓவர்லாக் ஒரு முனையில வுட்டுச்சுன்னா ஓடிட்டே இருக்கும், எங்கயும் நிக்காது. வலது தோள்ல வார் லூசாவுது. நடுவுல நிக்கறேன் நான். கட்டைக் கீழ போட்டா ஆட்டத்துல நானும் போவேன், கொழந்தையும் போவும். கையைப் பின்னால கொண்டு போவ முடியல. திரும்ப முடியல.

முதுகு லேசாச்சு.

அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல. எட்டுக் கிலோ முதுகுல இருந்துச்சு, அப்பறம் இல்ல. கீழ தண்ணி போற சத்தம் மட்டும் கேக்குது. கொழந்தை அழுவவும் இல்ல. எத்தனை நேரம்னு கேக்காதே. பூபதி சொல்றான், ஒரு நொடி கூட இருக்காதுக்கான்னு. அவனுக்கு என்ன தெரியும். அவன் முதுகா அது.

இன்னும் வருது கண்ணு. மிஷின்ல உக்காந்திருப்பேன், பஸ்ஸுல நிப்பேன், திடீர்னு முதுகு லேசாவுது. கையைப் பின்னால போட்டுத் தடவிப் பாப்பேன்.

‘புடிச்சுட்டேங்க அண்ணி. மெதுவா நடங்க.’

அவ கொரலுதான். அவ்வளவு மெதுவா. கோயில்ல பேசற மாதிரி. நான் நடந்தேன், கரையில கால் வெச்சேன், கட்டைப் போட்டேன், திரும்புனேன். அவ ரெண்டு கைக்குள்ள கொழந்தை. அந்தப் பக்கம் பலகை ஏறறதுக்கு முன்னாடியே கையைக் கொழந்தைக்கு அடியில குடுத்துட்டு வந்திருக்கறா. வழி பூரா. அதுதான் அவ பேசல. பேசுனா நான் திரும்புவேன்னு பேசல.

இதைப் பூபதி பொறவு சொன்னான். நான் என்ன சொல்றேன்னா, அவ அப்படி ஒட்டிக்கிட்டு வந்ததுலதான் எனக்குப் பதட்டம் ஆயிருச்சு. பதட்டத்துல தோளை ஆட்டியிருப்பேன், அதுதான் பிரிஞ்சுருக்கும். நூல்கண்டும் அந்த வாரம் வந்தது சரியில்ல. எல்லாரும் சொன்னாங்க.

...ஆமா. நீ சொல்றதுஞ் சரிதான். அவ வராட்டி என்ன ஆயிருக்கும். ஆமா.

அவ திட்டல கண்ணு. திட்டியிருந்தாத் தேவலை. கரையில உக்காந்தா, கொழந்தையை நெஞ்சோட வெச்சுக்கிட்டா. கை, கால் ஒவ்வொண்ணையும் ரெண்டு தரம் தொட்டுப் பாத்தா. பொறவு அந்தப் பையை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாத்தா. வார் சேர்ற எடத்தைக் கண்ணுகிட்ட வெச்சுப் பாத்தா. பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா.

‘அண்ணி, முனையைப் பூட்டவே இல்லீங்களே?’

நான் பாத்தேன். இல்ல. ரெண்டு முனையும் அப்படியே வுட்டிருக்குது. நூல் வாலு தொங்குது. நான் அடிச்ச லட்சம் தோளும் அப்படித்தான் இருக்கும். எனக்கு முனையைப் பூட்டற வேலையே இல்ல கண்ணு! நான் அடிச்சு நவுத்துவேன். ஒரு முனை மேல பூல்மணியோட கழுத்துத் தையல் ஏறும், மறுமுனை மேல கைத் தையல் ஏறும். ரெண்டும் பூட்டிக்கும். இருபத்திரண்டு வருசமா என்ற கை தெரிஞ்சு வெச்சிருக்கறது அவ்வளவுதான். முனை வந்தா வுட்டுரு, அடுத்த ஆள் இருக்கறாங்க.

அதை அவகிட்ட எப்படிச் சொல்றது? லட்சம் சட்டை தெச்சேன்னு சொன்னவ, ஒரு சட்டை முழுசாத் தெச்சதில்லைன்னு சொல்றதா? நான் என்ற கைப்பையை மட்டும் தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன். சாப்புடக் கூட இல்ல.

அத்தோட சரி. என்னைய ஒதுக்கி வெச்சுட்டா.

வர வேண்டாம்னு சொன்னாளான்னு கேக்கறியா? வாயைத் தொறந்து சொல்லோணுமா என்ன. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கொழந்தையை போட்டோ எடுத்து அனுப்பறா. இந்தா பாரு. இது தவழறது. இது பல்லு வந்தது. கீழ என்ன எழுதியிருக்கறா பாரு, ‘அத்தைக்கு அமுதினி’. நீ வராட்டிப் போ, எம் மக நல்லாத்தான் இருக்கறான்னு குத்திக் காட்டறதுக்குத்தான? இல்லியா? நீ என்ன அப்படிப் பாக்கறே?

சரி, இதைக் கேளு. ரெண்டு வாரத்துக்கு முன்னால பூபதி வந்தான் ரூமுக்கு. கையில ஒரு மஞ்சப் பை. தொறந்தா அதே கேரியர்! ஆத்தரத்துல பொறப்பட்டவ கரையிலயே போட்டுட்டு வந்திருக்கறேன். தொவைச்சு, காயவெச்சு, மடிச்சுக் குடுத்து வுட்டிருக்கறா. ‘அடுத்த புழு வருதுக்கா. கோகிலா முனையைப் பூட்டித் தரச் சொன்னா’ங்கறான்.

எங்க கம்பெனியில சரியில்லாத பீஸை ஸ்டிக்கர் ஒட்டித் தெச்சவகிட்டயே திருப்பி அனுப்புவாங்க. ஆல்ட்டர்ம்பாங்க. எனக்கு ஆல்ட்டர் வந்ததே இல்ல. மொத ஆல்ட்டர் என்ற தம்பி பொண்டாட்டிகிட்ட இருந்து. தூக்கி அலமாரி மேல வீசுனேன். கடையில வாங்கிக்கச் சொல்லு, எத்தனையோ விக்குதே, என்னைய ஏன் கேக்கறான்னேன். அவன் செருப்பை மாட்டிட்டே சொல்றான், ‘அதையேதான் நானுஞ் சொன்னேன். அண்ணி தெச்சதே இருக்குதே, எதுக்கு வாங்கோணும்னுட்டா’ன்னு.

மூணு நாளு அலமாரியைப் பாக்கவே இல்ல. நாலாவது நாளு எடுத்தேன்.

எடுத்து எல்லாத் தையலையும் பிரிச்சேன். யானையை மட்டும் வுட்டுட்டேன். ஓவர்லாக்கே வேண்டாம்னு நேர்த்தையல் மிஷின்ல போட்டேன். வார் சேர்ற எடத்துல நாலு பக்கமும் கட்டம் அடிச்சு, உள்ள குறுக்க பெருக்கல் குறி. ஒவ்வொரு முனையிலயும் முன்னயும் பின்னயும் நாலு தரம். அடிச்சு முடிச்சு, கொண்டு போய்ப் பூல்மணி முன்னால வெச்சேன். ‘பூட்டு’ன்னேன். அவ நூலை மாத்துனா, நான் அடிச்சதுக்கு மேலயே ஒரு சுத்து அடிச்சா. முடிச்சுட்டு மிஷினை நிறுத்தி, குனிஞ்சு பல்லால நூலைக் கடிச்சா.

அப்பறம் அரிசி. சரி, சொல்லிர்றேன். ஒரு வாரமா இந்தப் பத்துக் கிலோவை அதுல வெச்சு முதுகுல கட்டிட்டு நடந்தேன். கம்பெனிக்கு அதோட போவேன், அதோட வருவேன். எங்க லைன் வூட்டுல பதினெட்டுப் படி, ஏறி எறங்குவேன். கொழாயடியில பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாளுங்க, துளசிமணிக்குக் கொழந்தை பொறந்திருக்குதுன்னு. சிரிக்கட்டும். அவ சொன்னான்னு நான் செய்யல, அதை மட்டும் தெரிஞ்சுக்க. சும்மா. நானாத்தான்.

இந்தா, இதுதான். எடுத்துப் பாரு. யானை நல்லாருக்குதா? உன்ற கொழந்தை கையை நீட்டுது பாரு! யானை வேணுமா சாமி உனக்கு? செத்த நேரம் இதுல உக்கார வெச்சுப் பாக்கலாமா? நான் எந்திரிக்கல, உக்காந்தவாக்குல மடியிலயே வெச்சு...

என்ன பண்றே?

திருப்பிப் பாக்கறியா. பாரு.

இழுக்கறியா.

...

இல்ல, நீ எதுக்குக் கையை எடுக்கறே? நான் கோவிச்சுக்கல கண்ணு. சத்தியமாக் கோவிச்சுக்கல. கண்ணுல தூசி. நீ இழு. கொழந்தையை என்ற மடியில குடுக்க வேண்டாம், நீயே வெச்சுக்க, ஒரு கையாலயே இழு. அங்க இல்ல, முனையில. முனையைப் புடிச்சு இழு. இன்னும் நல்லா. நீ என்னைய ஆருன்னே தெரியாதவ, நீ இழுக்காம கொழந்தையை வெச்சாத்தான் நான் உன்னைய வைவேன்.

பெத்தவ வேற என்ன பண்ணுவா.

அவ அன்னிக்கு இதைத்தான் பண்ணுனா.

...குடிமங்கலமா? அதுக்குள்ளயா? ஏப்பா, எறங்கோணும், ஆளு எறங்கோணும்! அந்தப் பையை இப்படி நவுத்து கண்ணு. ரெண்டு பேரும் ஒரு பக்கம் புடிச்சாத் தூக்கிரலாம். ஆ, அப்படித்தான்.

இரு. வேப்பமரத்துக்கிட்ட நிக்கறது ஆரு? பூபதி வண்டியைக் காணமே. பச்சைச் சீலை... அவதான். அவளே வந்திருக்கறா. இடுப்புல கொழந்தை. அய்யோ, எம்புட்டு வளந்துட்டா. பஸ்ஸைக் காட்டி என்னமோ சொல்றா கொழந்தைகிட்ட. கையை ஆட்டச் சொல்லித் தர்றா.

கொழந்தை கையை நீட்டுனாலும் நான் வாங்க மாட்டேன் கண்ணு. மொதல்ல அரிசி. இங்கயே, ரோட்டோரத்துலயே, அவ கையில இதைக் குடுக்கறேன். கால்ல மிதிச்சு இழுக்கட்டும். அரிசியைக் கட்டிட்டு நடக்கட்டும். எத்தனை நாளு வேணும்னாலும் நடக்கட்டும்.

அந்தப் பலகை மேல நடந்தா, நான் கையை அடியில குடுத்துட்டு அவ பின்னாலயே வர்றேன்.